கல்லுக்கிடங்கும் வழுக்கையாறும்

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் வழுக்கையாற்றைக் கோடையில் கடந்தால் ஏதோ வாய்க்கால் என்றுதான் நினைப்பார்கள். கார்த்திகையில் வந்து பார்க்க வேண்டும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மேட்டில் விழுகிற மழை குளம் குளமாக நிரம்பி வழிந்து, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்று வயல்களுக்கு ஊடாக இறங்கி அராலியில் கடலேரியைச் சேரும். ஏறக்குறைய 15 கிலோமீற்றர். மழை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

நான் அளவெட்டியில் தோட்டம் செய்கிறேன். வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புகையிலை. இந்த ஆற்றைப் பற்றிப் பேச்சு எழும்பினால் எல்லோரும் கரையைத்தான் காட்டுகிறார்கள்: கரையில் குப்பை, கரையை நெருக்கிக் கட்டிய மதில். அதுவும் சரிதான். ஆனால் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிற மேட்டுக் காணிகளில் கல் வெட்டுவதை ஆற்றோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே செம்மண். சில காணிகளில் மண்வெட்டி ஒரு முழம் இறங்குவதற்குள் கல்லில் முட்டும். ஆண்டுக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். கொட்டுவதில் ஒரு பங்கு மண்ணில் ஊறி, கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடிக்குப் போகும். மிஞ்சியது சரிவைப் பார்த்து ஓடிக் குளத்தில் விழும். சரிவு என்றாலும் கண்ணுக்குத் தெரிகிற சரிவு இல்லை. ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் குவித்தாலே வெள்ளம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

இனி கல் எடுக்கிற முறையைப் பாருங்கள். முதலில் பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் வந்து செம்மண்ணை வழித்து ஓரத்தில் குவிக்கும். பிறகு கல்லை உடைத்து டிப்பரில் ஏற்றுவார்கள். டிப்பர் ஓடுவதற்குப் பாதையை உயர்த்திப் போடுவார்கள். அடியில் ஒரு குழாய்கூட வைக்க மாட்டார்கள். இவ்வளவும் நடந்தபின் மழை வந்தால், குளத்துக்குப் போக வேண்டிய வெள்ளம் பாதையில் மறிபட்டு, கல் வெட்டிய பள்ளமான கிடங்குக்குள் இறங்குகிறது. குவித்த மண் கரைந்து வாய்க்காலுக்குள் போகிறது.

எங்கள் தோட்டத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் ஒரு கல் மதகு; முன்பு குனிந்து அதற்குள்ளால் மறுபக்கத்தைப் பார்க்கலாம். இப்போது மேல் விளிம்பில் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம். கையை விட்டுத் துழாவினால் பசை போன்ற செம்மண்ணும் சிராய்க் கல்லும் வருகின்றன. குளத்தின் அடியிலும் அதே மண்தான் படிந்து காய்ந்து கிடக்கிறது. மண் அப்படி இறுகினால் குளத்தில் நிற்கிற கொஞ்சத் தண்ணீரும் கீழே ஊறாது, வெயிலில் போய்விடும். குளம் நிரம்பாவிட்டால் அடுத்த குளத்துக்கு வழியாது. கந்தரோடைக்காரருக்கு வெள்ளம் ஏன் குறைந்தது என்பதற்கும், போக்கிழந்த அதே வெள்ளம் இங்கே ஒழுங்கைகளில் ஏன் நிற்கிறது என்பதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

கிடங்கு இன்னும் ஆழமானால் கதை வேறு. குடாநாட்டின் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிற ஒரு அடுக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்; எங்கள் கிணறுகளின் கீழும் அதே ஏற்பாடுதான். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். கல் வெட்டுவதற்காக ஊற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைப்பவர்கள் இறைப்பது அந்த ஒரு அடியைத்தான். சவர் ஏறுவதை முதலில் சொல்வது பயிர். வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கும். அப்புறம் தேத்தண்ணியின் ருசி மாறும்.

கல் எடுத்து முடிந்த கிடங்குகளைப் பார்க்க வேண்டுமானால் காங்கேசன்துறைப் பக்கம் போகலாம். சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றது. அதற்குக் கல் எடுத்த பள்ளங்கள் இன்றும் திறந்தபடி கிடக்கின்றன. உட்புற ஊர்களில் இப்படியான கிடங்கு குப்பை கொட்டும் இடமாகிவிடும். மண் என்ற வடிகட்டியை வழித்து எடுத்துவிட்டு, வெடித்த கல்லின் மேல் குப்பையைப் போட்டால் அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது இந்தக் கல்லுக்குள்ளால் அழுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

கல் எடுக்கும் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, இது என்ர காணி. இருபது வருசத்துக்கு மேல ஆமி உள்ளுக்குப் போக விடேல்லை. வந்து பாத்தா வீடும் இல்லை, கிணறும் தூர்ந்து போச்சு. கல்லை வித்தாத்தான் எனக்கு வீடு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீள்குடியேறிய எல்லோருக்கும் அத்திவாரத்துக்குக் கல் வேண்டும். ஆனால் அவர் காணியில் விழுகிற மழை அவர் வேலியோடு நிற்பதில்லையே. அதையும் அவரிடமே சொன்னேன். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியச் சட்டப்படி கல் எடுக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி கொடுக்குமுன் அதிகாரிகள் அந்தக் காணியின் வெள்ளம் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று ஊராரிடம் கேட்கட்டும். கோடையின் கிணற்று நீர்மட்டத்தை அல்ல, மாரியின் மட்டத்தை அளந்து, அதற்கு மேலேயே வெட்டை நிறுத்தட்டும். வழித்த செம்மண்ணை விற்கவிடாமல் திரும்பக் கிடங்கில் நிரப்பச் செய்யட்டும். கனகராயன் ஆற்று நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 1950கள் தொட்டு அதைப் பற்றிப் பேசுகிறோம். வேண்டிய பேச்சுத்தான். கையில் இருக்கிற ஒரே ஆற்றின் தலைமாட்டை வெட்டி விற்றுக்கொண்டு அதைப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புரட்டாதி முடிவதற்குள் நான் சொன்ன அந்த மதகைத் தோண்டித் திறக்க ஊரில் சிலர் சேர்ந்திருக்கிறோம். டிப்பர் பாதைக்கு அடியில் குழாய் போட மேலே சொன்ன தம்பியும் சம்மதித்திருக்கிறார். அளவெட்டி, மல்லாகம் பக்கத்தில் இருப்பவர்கள் உங்கள் குளத்து வரவு வாய்க்காலையும் ஒருமுறை நடந்து பாருங்கள். அடைபட்ட இடம் இருந்தால் கீழே எழுதுங்கள்.