ஏலுக்கு மார்க், வெயிலுக்குத் தனிக் கணக்கு

நல்ல ஸ்ட்ராங் ஏல் (ஆல்கஹால் கூடிய ஒரு பீர் வகை) ஒன்றைக் காரைக்காலில் திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கே" என்று 50-க்கு 20 போடுவது சுலபம். அந்தக் குறை யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். காய்ச்சியவருடையதா, லாரியுடையதா, கடை அலமாரியுடையதா? டெல்டாவில் ஏல் ருசி பார்ப்பவர் முதலில் பழக வேண்டியது இந்தப் பிரித்தறிதலைத்தான்.

நம் பக்கம் லேபிளில் 'ஸ்ட்ராங்' என்று போட்டு விற்பவை பெரும்பாலும் லாகர். குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்கும் ஈஸ்டில் செய்தவை. ஏல் ஈஸ்ட் ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி வரை வேலை செய்யும்; பழ வாசனை தரும் எஸ்டர்கள் அந்தச் சூட்டில் தாராளமாக உண்டாகும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் ஸ்ட்ராங் பீர். வெளிநாட்டு வகைகள் அதைத் தாண்டிப் போகும்: ஆங்கில பார்லி வைன் (பெயர்தான் வைன், இதுவும் ஏல்) 8 முதல் 12, வெளிர் நிற பெல்ஜிய டிரிப்பெல் 7.5 முதல் 9.5, ஹாப்ஸ் பூவின் கசப்பும் வாசனையும் மிகுந்த டபுள் ஐபிஏ 7.5 முதல் 10. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே டிரிப்பெல் 9.5 சதவீதம், ரோஷ்போர் 10 என்ற பெயரில் வருவது 11.3.

இனி வெயில். பீர் தொழிலில் 3-30-300 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு கிழடாக்கும். 22 டிகிரி என்பது டெல்டாவின் மார்கழி இரவு. 32 டிகிரி என்பது சாதாரணப் பகல். சித்திரை, வைகாசியில் தார்ப்பாய் மூடிய லாரிக்குள் அதற்கும் மேலே ஏறும். ஆகவே பாட்டிலில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, அடைத்த தேதியை. கடைக்காரர் அதைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாரா, வாசல் அலமாரியில் வைத்திருந்தாரா என்பது அடுத்தது. தை, மாசியில் வாங்குவது நல்லது.

சூடு செய்யும் காரியம் ஆக்சிஜனேற்றம். வெளிர் நிற ஏலில் அது அட்டை, பழைய நோட்டுப் புத்தகம் போன்ற வாடையாக வரும். ஹாப்ஸ் வாசனை அடங்கிப்போகும். டபுள் ஐபிஏவுக்கு இது மரணம். அதே ஆக்சிஜனேற்றம் பார்லி வைனில் மெதுவாக நடந்தால் பேரீச்சை, உலர் திராட்சை, ஷெர்ரி என்று மாறி அழகு கூட்டும். ஆனால் மெதுவாக என்பதுதான் முக்கியம். 13 டிகிரியில் நான்கு வருஷம் வைத்ததும், கும்பகோணம் வெயிலில் நான்கு மாதம் கிடந்ததும் ஒன்றாகாது. அதனால் சூட்டில் அலைந்த பாட்டில்தான் கிடைக்கும் என்றால் கருத்த, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மிகுந்த வகையை எடுங்கள். ஹாப்ஸை நம்பிய வகையை விட்டுவிடுங்கள்.

பயணம் முடிந்து வந்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் நிற்க வையுங்கள். படுக்க வைக்கக் கூடாது. பாட்டிலுக்குள்ளேயே நொதித்த ஏலில் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். பஸ்ஸில் குலுங்கி வந்ததை அன்றே திறந்தால் பொங்கும், கலங்கும். அமைதியாக நின்ற பாட்டிலும் பொங்கி, ஏலின் கனம் குறைந்து, புளிப்பும் வந்தால் வேண்டாத ஈஸ்டோ பாக்டீரியாவோ உள்ளே புகுந்திருக்கிறது. அது காய்ச்சிய இடத்துக் குறை.

கிளாஸ் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். காபி டம்ளர் உதவாது. விளிம்பு விரிந்திருப்பதால் வாசனை நிற்காது, நிறமும் தெரியாது. வாய் குறுகிய டுலிப் கிளாஸ் நல்லது, இல்லையென்றால் காலுள்ள வைன் கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை உடனே செத்துவிடும். கழுவிய கிளாஸின் ஈரமான உள்பக்கத்தில் தூள் உப்பைத் தூவிப் பாருங்கள். சீராக ஒட்டினால் சுத்தம்; திட்டுத்திட்டாக விட்டால் பிசுக்கு பாக்கி. உப்பை அலசிவிட்டுக் கவிழ்த்துக் காய வையுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாடை ஏறும்.

ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வெற்றிலை பாக்கு, காபி, மிளகாய் பஜ்ஜி எதுவும் கூடாது. அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, மல்லிகைச் சரம் இருந்தால் வேறு அறைக்குப் போங்கள். வாயைத் துடைக்க உப்பில்லாத பொரியும் தண்ணீரும் போதும்.

பெரும்பாலோர் தவறுவது குளிர்ச்சியில். 4 டிகிரியில் நாக்கும் மூக்கும் மரத்துப்போகும். ஸ்ட்ராங் ஏலில் பாதி விஷயம் தெரியாது. 10 முதல் 13 டிகிரி சரி. நம் ஊர் அறைச் சூட்டில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 330 மி.லி. பாட்டில் சுமார் 15 நிமிஷத்தில் அங்கே வந்துவிடும். கிளாஸில் ஊற்றியபின் இன்னும் வேகமாகச் சூடேறும் என்பதால் ஒரு நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம். கிளாஸைச் சாய்த்து ஊற்றி, பாதிக்கு மேல் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை வரவிடுங்கள். வண்டல் உள்ள பாட்டிலில் கடைசி ஒன்றரை சென்டிமீட்டரைக் கடைசிவரை தொடாதீர்கள்.

மார்க் போட அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பான பிஜேசிபியின் 50 மார்க் தாளே வசதி. வாசனை 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பது நியாயம். கலங்கலைப் பார்த்து முகம் சுளிக்க அவசரமில்லை. வாசனையை நுரை அடங்குமுன் பிடிக்க வேண்டும். குட்டையாக இரண்டு முறை முகருங்கள், எழுதுங்கள், பிறகு கிளாஸைச் சுழற்றி இன்னொரு முறை. குடிக்கும்போது நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியபின் மூக்கால் மூச்சை விடுங்கள். பல வாசனைகள் அந்த மூச்சில்தான் வரும்.

குறிப்பெழுத அந்நிய அகராதி தேவையில்லை. நம் அடுக்களை போதும். கேரமல் மால்ட் என்றால் அதிரசப் பாகு பதம் வரும் நேரத்து வாசனை. கருமால்ட், பீபரி காபிக் கொட்டை வறுபடும் வாசனை. பெல்ஜிய ஈஸ்டின் ஐசோஅமைல் அசிடேட், கனிந்த ரஸ்தாளி. அதன் ஃபீனால், கிராம்பு. இவை இரண்டும் டிரிப்பெலில் இருந்தால் மார்க் கூட்டுங்கள். கிராம்பு ஆங்கில பார்லி வைனில் வந்தால் குறையுங்கள்.

குறைகளும் அப்படியே. புதிதாய் வகுந்த பரங்கிக்காயின் உட்புற வாடை அசிட்டால்டிஹைடு: நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு அடைத்திருக்கிறார்கள். வெண்ணெய் வாசனையும் நாக்கில் வழவழப்பும் டயசெட்டில். பெரும்பாலும் இதற்கும் அதே அவசரம் காரணம். முட்டைக்கோஸோ மக்காச்சோளமோ வெந்த தண்ணீர் வாடை டைமெத்தில் சல்ஃபைடு: கொதிக்கவைத்தது போதவில்லை. ஆஸ்பத்திரி லோஷன் வாடை வந்தால் தண்ணீரில் குளோரின். தொண்டையில் எரிச்சலாக ஆல்கஹால் சுட்டால் ஈஸ்ட் அளவு மீறிய சூட்டில் வேலை செய்திருக்கிறது. 10 சதவீத ஏல்கூட நெஞ்சில் கதகதப்பாக இறங்க வேண்டும், சுடக் கூடாது. இவை எல்லாம் காய்ச்சியவர் கணக்கு.

கடைக்கும் பயணத்துக்கும் சேர்பவை இரண்டே. ஒன்று அந்த அட்டை வாடை. மற்றொன்று சமையல் சிலிண்டர் கசிந்தாற்போன்ற வாடை. ஒப்புமை தற்செயலானது அல்ல. எரிவாயுவில் கலப்பதும், வெளிச்சம் பட்ட ஹாப்ஸில் பிறப்பதும் கந்தகம் கொண்ட தயோல்கள்தான். பழுப்பு பாட்டில் பெரும்பாலான கெடுதல் ஒளியைத் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது. வாசல் வெயிலில் வைத்தால் சீக்கிரமே கெடும்.

கிளாஸில் இருப்பதற்கு மட்டும் மார்க் போடுங்கள். "வெயில் படாமல் இருந்தால் 40 தேறும்" என்று ஊகித்துக் கூட்ட வேண்டாம். அதற்குப் பதில் தாளின் கீழே ஒரு வரி: அடைத்த தேதி, வாங்கிய மாதம், வைத்திருந்த விதம், குறை யார் கணக்கு. 38-உம் அதற்கு மேலும் வந்தால் மிகச் சிறந்த ஏல். 30 முதல் 37 வரை தேடி வாங்கலாம். 21-க்குக் கீழே போனது அட்டை வாடையால் மட்டும் என்றால், காய்ச்சியவர் பெயருக்கு நேரே அந்த எண்ணை எழுதாதீர்கள்.

அளவு பற்றி ஒன்று. 9 சதவீதத்தில் 330 மி.லி. என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 30 மி.லி.; 5 சதவீத 650 மி.லி. பெரிய பாட்டிலில் இருப்பதும் 32.5 மி.லி.தான். ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்தால் மார்க் போடத் தாராளம். ஒரு மாலைக்கு மூன்று ஏல் போதும், வெளிர் நிறத்திலிருந்து கருத்ததற்கு. நான்காவதில் நாக்கு பொய் சொல்லும். வண்டி ஓட்டுபவர் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கிளாஸில் கால் பங்கை மீதி வைத்து, 18 டிகிரி ஆனதும் மறுபடி முகருங்கள். குளிரில் ஒளிந்திருந்த டயசெட்டிலும் சுடும் ஆல்கஹாலும் அப்போது வெளியே வரும்; முதலில் போட்ட சுவை மார்க்கைத் திருத்த வேண்டியிருக்கும். முடிந்தால் அதே பேட்ச் எண்ணில் இன்னொரு பாட்டிலை வேறு கடையிலிருந்து வாங்குங்கள். அதிலும் பரங்கிக்காய் வாடை வந்தால் காய்ச்சியவருக்கு எழுதுங்கள், பேட்ச் எண்ணோடு. இரண்டாவது பாட்டில் சுத்தமாக இருந்து, முதலாவதில் மட்டும் அட்டை வாடை என்றால் கடையை மாற்றுங்கள்.