கடல் அமைதியா இருக்குன்னு நம்பாதீங்க, காத்து எந்தப் பக்கம்னு பாருங்க

ஸ்கூல் லீவு விட்டாலே கோலாலம்பூர், கிள்ளான்ல இருக்கிற சொந்தக்காரங்க எல்லாம் பினாங்குக்குக் கிளம்பி வந்துடுறாங்க, வந்ததும் முதல் கேள்வி பத்து பெரிங்கி பீச்சுக்கு எப்போ போறோம்ங்கிறதுதான். தாராளமா வாங்க. ஆனா தீவுல பிறந்து வளர்ந்தவங்கிற உரிமையில ஒண்ணு சொல்றேன், நம்மாளுங்க கடல்கிட்ட போனா அலையை மட்டும்தான் பாக்குறாங்க, அலை பெருசா இருந்தா பயப்படுறாங்க, தண்ணி தட்டையா இருந்தா புள்ளைங்களை இறக்கி விட்டுடுறாங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கிறதே அந்தத் தட்டையான கடல்தான்.

ஏன்னா காத்து கரையில இருந்து கடல் பக்கமா அடிச்சா, கரை ஓரத்துல அலை எழும்பவே மாட்டேங்குது, பாக்க குளம் மாதிரி இருக்கும். மரமும் ஹோட்டலும் மறைக்கிறதால மணல்ல நிக்கிறப்போ அந்தக் காத்தோட வேகமும் தெரியாது. கொஞ்சம் உள்ள போனதும்தான் முழு வேகத்துல அடிக்கும். அப்போ ஒரு புள்ளை டோனட் ட்யூப்லயோ காத்தடிச்ச ஃப்ளமிங்கோ மேலயோ உக்காந்திருந்தா அது பாட்டுக்கு வெளிய தள்ளிக்கிட்டே போகும், அப்பா பதறிப்போய் பின்னாடியே நீந்துவாரு, காத்து தள்ற ட்யூப்பை நீந்திப் புடிக்கிறது ரொம்பக் கஷ்டம், கடைசியில புள்ளை ட்யூப் மேல இருக்கும், அப்பா தண்ணியில களைச்சுப் போயிடுவாரு.

லங்காவிக்கு டிசம்பர், ஜனவரில போறவங்க இதைக் கவனிக்கணும். அங்க அது மழை குறைஞ்ச, நல்ல வெயில் சீசன், ஆனா வடகிழக்குக் காத்து அடிக்கிற மாசமும் அதுதான், பாந்தாய் செனாங் மேற்கு பாத்த பீச், அதனால காத்து ஊருக்குள்ள இருந்து கடலுக்குத்தான் போகும். பத்து பெரிங்கி வடக்கு பாத்தது, அங்க கதை வேற. ஒரே நாள்ல ஒரே காத்து, ஒவ்வொரு பீச்லயும் வேற வேற மாதிரி நடந்துக்கும், அதனால போன வருஷம் ஒண்ணும் ஆகலையேன்னு சொல்லாதீங்க. கடலைப் பாத்து நில்லுங்க, காத்து உங்க பின்கழுத்துல, முதுகுல படுதுன்னா ட்யூப், ஃப்ளோட் எல்லாம் கார்லயே இருக்கட்டும். புள்ளைங்களுக்கு அளவு சரியான லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பளவு தண்ணிக்குள்ளயே, கை நீட்டினா எட்டுற தூரத்துல வச்சுக்கோங்க.

காத்து முகத்துல அடிச்சா அது வேற பிரச்சனை. அலை கொண்டு வந்து கொட்டுற தண்ணி எங்கயாவது வழி பாத்து திரும்பிப் போகணும்ல, அந்த வழிதான் ரிப். ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடைஞ்சுக்கிட்டு, நடுவுல ஒரு இடம் மட்டும் அலையே இல்லாம கொஞ்சம் கருப்பா, நுரை வெளிய போற மாதிரி தெரியும். நம்மாளுங்க இங்கதான் அலை இல்லன்னு சொல்லி சரியா அந்த இடத்துலயே புள்ளையை இறக்குறாங்க! வேகமான ரிப் செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேலயும் போகும், ஒலிம்பிக்ல நீந்துறவங்களே அதை எதுத்து வர முடியாது. ஆனா அது ஆளைக் கீழ இழுக்காது, வெளியதான் கொண்டு போகும். அதனால மல்லாந்து மிதந்துக்கிட்டு கையைத் தூக்கிக் காட்டுங்க, நீந்தத் தெரிஞ்சா கரைக்கு நேரா வராம கரையோட ஓரமாவே கொஞ்ச தூரம் நீந்தி, அலை உடையற இடத்துக்கு வந்து அப்புறம் கரைக்குத் திரும்புங்க.

சிவப்புக் கொடி நட்டிருந்தா இறங்கவே கூடாது, பேச்சே இல்ல. கொடியோ லைஃப்கார்டோ எல்லா பீச்லயும் இருக்காது, அதுக்காக அங்க ஆபத்து இல்லன்னு ஆயிடாது. பினாங்கு தேசியப் பூங்காவுக்குள்ள நடந்து போய்ப் பாக்குற பாந்தாய் கெராச்சுட் பீச் அவ்வளவு அழகு, ஆனா நீரோட்டம் பலமா இருக்கும், அங்க குளிக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வானிலைத் துறை மெட்மலேசியாவோட மைசுவாச்சா (myCuaca) ஆப்ல கடல் எச்சரிக்கை இருக்கான்னு பாருங்க, முதல் கட்ட எச்சரிக்கைன்னாலே காத்து மணிக்கு 40-50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரைக்கும் போகலாம்னு அர்த்தம்.

அப்புறம் துணி. ஜீன்ஸ், சுடிதாரோட இறங்குற பழக்கத்தை தயவு செஞ்சு விடுங்க, ஷால் கால்ல சுத்திக்கும், நனைஞ்ச ஜீன்ஸ் காலைத் தூக்கவே விடாது. உடம்பு தெரியக்கூடாதுன்னு நினைக்கிறது நியாயம்தான், அதுக்குத்தான் முழுக்கை முழுக்கால் வச்ச நீச்சல் துணி கிடைக்குதே, ஜெல்லிமீன் கொட்டாம இருக்கவும் அது ஓரளவு உதவும். புள்ளைங்களுக்கு நீலக் கலர் வாங்காதீங்க, தண்ணிக்குள்ள தெரியவே தெரியாது, பளிச்சுன்னு ஆரஞ்சு, பிங்க் வாங்குங்க. ஜெல்லிமீன் கொட்டிட்டா தேய்க்கக் கூடாது, பைப் தண்ணி ஊத்தக் கூடாது, வினிகரை முப்பது செகண்டாவது விடாம ஊத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, பாக்ஸ் ஜெல்லிமீன் இந்தக் கடல்லயும் இருக்கு.

எனக்கு மனசை உறுத்துற விஷயம், நாம கூட்டமா போறோம், பெரியம்மா பாப்பாங்கன்னு சித்தி நினைப்பாங்க, சித்தி பாப்பாங்கன்னு மாமா நினைப்பாரு, எல்லாரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. மூழ்குற புள்ளை கத்தாதுங்க. தலை பின்னால சாஞ்சு வாய் தண்ணி மட்டத்துல இருக்கும், கூப்பிட மூச்சு இருக்காது, பல நேரம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். அதனால பேர் சொல்லி ஒருத்தரை நியமிங்க, அவங்க கையில ஃபோன் இருக்கக் கூடாது, அலுத்துப் போச்சுன்னா "அண்ணி, இப்போ நீங்க பாருங்க"ன்னு வாய் விட்டு சொல்லி, அவங்க சரின்னதுக்கு அப்புறம்தான் எழுந்திரிக்கணும்.

யாராவது தத்தளிச்சா பின்னாடியே குதிக்காதீங்க, மிதக்குற எதையாவது தூக்கிப் போடுங்க, ஐஸ் பெட்டி, மூடி இறுக்கின காலி மினரல் வாட்டர் போத்தல், எதுவா இருந்தாலும் சரி. ஒருத்தர் 999க்கு அடிச்சு பீச் பேரோட எந்த ஹோட்டல், எந்தக் கடை முன்னாடி நிக்கிறீங்கன்னும் சொல்லணும், இன்னொருத்தர் தண்ணியில இருக்கிறவங்களை விட்டுக் கண்ணை எடுக்காம கையை நீட்டிக் காட்டிக்கிட்டே நிக்கணும், பொம்பாவோ (தீயணைப்புப் படை) போட்காரங்களோ வந்ததும் எங்க தேடணும்னு அந்தக் கையைப் பாத்துதான் அவங்களுக்குத் தெரியும்.