பேச்சு முடியட்டும், அப்புறம் சுருதி சேர்க்கலாம்

பள்ளிக் கச்சேரி நாளில் நான் பார்வையாளர் வரிசையில் உட்காருவதில்லை. மகள் செல்லோ வாசிக்கிறாள் என்பதால் திரைக்குப் பின்னால் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்: சின்னப் பிள்ளைகளின் வயலின்களுக்குச் சுருதி சேர்த்துக் கொடுப்பது. கால் அளவு, அரை அளவு வயலின்களில் கம்பியை முறுக்கும் பிரடையைத் திருப்பி அழுத்தி நிறுத்த அந்த விரல்களுக்கு வலு போதாது, பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். ஏ கம்பியை 440 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டு, அதை வைத்து டி, ஜி, ஈ என்று மற்ற மூன்றையும் சரிசெய்வேன். சேர்ந்ததும் பிள்ளைகளின் முகம் தெளிவதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

விழா நடத்துபவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. பிள்ளைகள் சுருதி சேர்த்து மேடையில் உட்கார்ந்த பிறகு உரைகளைத் தொடங்காதீர்கள். மேடை விளக்கின் சூட்டில் வயலின் கம்பி தளரும், சுருதி இறங்கும். குழல் வாத்தியங்களின் கதை நேர் எதிர். சும்மா இருக்கும்போது ஆறிப்போகும் கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் வாசிக்க வாசிக்க மூச்சில் சூடேறி மேலே போகும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அதில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது, அதனால்தான். ஆக, நீண்ட பேச்சு முடிந்து பாட்டு ஆரம்பிக்கும்போது ஒரு பக்கம் இறங்கியிருக்கும், இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் பழகிய பிள்ளைகள் சரியான இடத்தில் விரல் வைத்தும் அபசுரம் கேட்கும். தப்பு தன்னுடையது என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொள்கிறது. அதை என்னால் தாங்க முடிவதில்லை.

ஒத்திகையிலும் ஒன்று கவனிக்க வேண்டும். காலி அரங்கில் ஒலி சுவரில் பட்டு நிறைந்து திரும்பும். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் உடம்பும் துணியும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். தன் சத்தமே கேட்கவில்லையே என்று பயந்து வில்லை அழுத்துகிற பிள்ளைகள் உண்டு. கடைசி ஒத்திகைக்கு இரண்டு மூன்று வகுப்புகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

பின்வரிசையில் டிரம் வாசிக்கும் பையனை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு அவன்மேல் தனி மரியாதை. முன்வரிசை வயலின் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி அவன் காதுக்கு வர நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். காதை மட்டும் நம்பி அடித்தால், அவனுடைய அடி முன்னால் இருப்பவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு பிந்திக் கேட்கும். அதனால் காதில் விழுவதை விட்டு ஆசிரியையின் கையைப் பார்த்து அடிக்கப் பழகியிருக்கிறான். பரபரப்பில் மற்றவர்கள் தாளத்தை முந்தி ஓட ஆரம்பித்தால் அவனும் கூட ஓடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டமான காரியம் அது.

அடுத்த கச்சேரிக்கு உரைகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, பிறகு பிள்ளைகளை மேடையேற்றி, சுருதி சேர்க்க ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்கலாம் என்று ஆசிரியையிடம் சொன்னேன். நிகழ்ச்சி நிரலிலேயே அதை எழுதிவிடுகிறேன் என்றார்.