ஷராக்கு யார் என்பது இருக்கட்டும்

பினாங்கு சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகக் கடையொன்றில் பேரம் பேசி வாங்கிய ஜப்பானிய ஓவியப் புத்தகம் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. அட்டையில் கபுகி என்ற ஜப்பானிய நாடக நடிகர் மூன்றாம் ஓத்தானி ஓனிஜி. அடியாள் எதோபேய் வேடம். முறைக்கிற கண், இறுகிய வாய், அங்கிக்குள்ளிருந்து விரல் விரித்து வெளியே வரும் இரண்டு கை. "என்னங்க இது, இப்படிப் பயமுறுத்துது!" என்று வீட்டம்மா கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வரைந்தவர் ஷராக்கு. 1794-இல் திடீரென வந்தார், பத்தே மாதத்தில் சுமார் 140 படங்கள், அப்புறம் ஆளையே காணோம். பெண் வேடம் போட்ட இரண்டாம் செகாவா தொமிசாபுரோவின் முகத்தில் ஆண் தாடையை அப்படியே விட்டுவிட்டார். நம் பழைய ஸ்திரீபார்ட் நடிகர் ஒருவரை இப்படி வரைந்திருந்தால் செருப்பு பறந்திருக்கும். அளவுக்கு மீறி உள்ளதை உள்ளபடி வரைந்ததால்தான் அவர் நிலைக்கவில்லை என்று அந்தக் காலத்துக் குறிப்பே சொல்கிறது.

அவர் யார் என்ற பட்டிமன்றம் வெகுகாலம் நடந்தது. சைத்தோ ஜூரோபேய் என்ற, 'நோ' எனும் பழைய ஜப்பானிய நாடக வகையின் நடிகர்தான் என்று இன்று பலர் ஏற்கிறார்கள். சரி, இருக்கட்டும்.

ஆப்செட் மெஷினோடு காலம் தள்ளிய எனக்குக் கண் போவது வேறு இடத்தில். இவை மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படங்கள். ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பதோடு சரி. அதைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார்கள். மூல ஓவியம் அதோடு போச்சு. நிறத்துக்கு ஒரு பலகை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார, பலகை ஓரத்தில் வெட்டிய இரண்டு சின்ன அடையாளம்தான் துணை. ஈரத் தாளை வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டில் கையாலேயே தேய்ப்பார்கள். எங்களுக்கு மெஷின் இருந்தும் நிறம் விலகி, கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை வந்ததுண்டு. பின்னணிக் கறுப்பில் அப்பிரகத் தூள் வேறு. அசலைச் சாய்த்துப் பார்த்தால் மினுங்குமாம்.

நெற்றியோர முடியைப் பாருங்கள். இழை இழையாக அந்தக் கோட்டை மரத்தில் மேடாக நிறுத்தியது ஓவியரின் தூரிகை அல்ல, யாரோ ஒருவரின் கத்தி. படத்தில் ஷராக்குவின் கையெழுத்து உண்டு, பதிப்பாளர் த்சுதாயா ஜூசாபுரோவின் முத்திரை உண்டு, தணிக்கை முத்திரைகூட உண்டு. செதுக்கியவர், அச்சடித்தவர் பேர் இல்லை. ஷராக்குவைத் தேடிய தேடலில் பாதியாவது இவர்களுக்காகத் தேடியிருக்கலாம்.