அப்பா காதுல வந்த புண்ணும் 12 வருஷ ரத்த மாத்திரையும்

தையல் பிரிச்சு ரெண்டு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடியுது. அப்பாவுக்கு பாலிசைதீமியா வேரா, ரத்தத்துல சிவப்பணு தேவைக்கு மேல உற்பத்தி ஆகிட்டே இருக்குற வியாதி. 12 வருஷமா அந்த உற்பத்திய அடக்குற ஹைட்ராக்சியூரியா 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல், கூட ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின். ஆரம்பத்துல அப்பப்ப ரத்தம் எடுத்து விட்டாங்க, அப்புறம் ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, 45 சதவீதத்துக்கு கீழயே நின்னுடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு டெஸ்ட், மாத்திரை சீட்டு, வீடு. அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா இத்தன வருஷத்துல அவரோட தோல ஒருத்தர் கூட பாக்கல, நாங்களும் கேக்கல.

மொதல்ல கண்ணுல பட்டது தலகாணி உறையில ஒரு சின்ன ரத்தப் பொட்டு. மறுநாளும் அதே இடத்துல. அப்பாவ திருப்பி பாத்தா இடது காது மடலோட மேல் விளிம்புல ஒரு பொருக்கு, சட்டை பட்டன்ல பாதி கூட இருக்காது. காஞ்சு உதிரும், அடியில செவப்பா ஈரமா இருக்கும், நாலு நாள்ல திரும்ப பொருக்கு தட்டும். "கண்ணாடி காம்பு உரசுதும்மா, வேற ஒண்ணுமில்ல"ன்னாரு. சரின்னு விட்டோம். ரெண்டு மாசம்! வழக்கமா பாக்குற டாக்டர் மொதல்ல ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் குடுத்தாரு, அப்புறம் பூஞ்சை க்ரீம். ரெண்டுக்கும் அசையல.

அதுக்கப்புறம்தான் தோல் பிரிவுக்கு போனோம், பெரிய தப்பு நடந்ததும் அங்கதான். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் நிரப்ப சொன்னாங்க, அதுல 'தற்போது சாப்பிடும் மருந்துகள்'னு ஒரு கட்டம். அப்பா பிரஷர் மாத்திரையும் ஆஸ்பிரினும் எழுதினாரு, ஹைட்ராக்சியூரியாவ எழுதல. அது ரத்தத்துக்கு சாப்பிடுறது, தோல் டாக்டருக்கு எதுக்குன்னு நெனச்சிருக்காரு. பக்கத்துல உக்காந்திருந்த நானும் படிச்சு பாக்காம குடுத்துட்டேன், அது இன்னும் எனக்கு ஆறல. உள்ள இருந்த டாக்டர் ஒரு நிமிஷம் கூட பாக்கல, எக்ஸிமா, அதாவது தோல் அழற்சின்னு சொல்லி ஸ்டீராய்டு க்ரீம் எழுதி அனுப்பிட்டாரு. தடவ தடவ செவப்பு மங்குச்சு, அடடா ஆறுதேன்னு சந்தோஷப்பட்டோம், ஆனா விரல் வெச்சு தொட்டா அடியில கெட்டியாகிட்டே வந்திருக்கு. அதுல இன்னொரு மாசம் போச்சு.

ரெண்டாவது தடவ போனப்ப வேற ஒரு சீனியர் டாக்டரம்மா. அவங்க மொதல்ல காத பாக்கவே இல்ல, அப்பா மேஜை மேல வெச்சிருந்த கையத்தான் பாத்தாங்க. நகத்துல நீள வாக்குல கருப்பு கோடு கோடா இருக்கும், அது வயசானா வர்றதுன்னு நாங்க நெனச்சிட்டு இருந்தோம். "சார், ரத்தத்துக்கு ஏதாவது மாத்திரை ரொம்ப நாளா சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டாங்க. ஹைட்ராக்சியூரியான்னு நான் சொல்லி முடிக்கல, நாற்காலிய இழுத்துட்டு பக்கத்துல வந்துட்டாங்க. லென்ஸ் வெச்சு காத பாத்தாங்க, கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு தடவி பாத்தாங்க, சட்டைய கழட்ட சொல்லி முதுகு, நெத்தி, கணுக்கால், பாதம்னு ஒண்ணு விடாம பாத்தாங்க.

அவங்க சொன்னத அப்படியே எழுதுறேன். இந்த மாத்திரை செல் பெருகுறத தடுக்க டிஎன்ஏ உருவாகுறதுல கை வைக்குது. வெயில் பட்டு தோல் செல்லுல டிஎன்ஏ சேதமானா அத ரிப்பேர் பண்றதும் இதனால தடைபடுது. வருஷக்கணக்குல அது சேர்ந்து சேர்ந்து சிலருக்கு தோல் புற்றுநோய் வருது, அதுவும் காது, முகம், உச்சந்தலை, உதடு, புறங்கைன்னு வெயில் படுற இடத்துல. மாத்திரையோட வர்ற தாள்லயே இந்த எச்சரிக்கை இருக்கு. வீட்டுக்கு வந்து பிரிச்சு பாத்தேன், ஆமா இருக்கு, பொடி எழுத்துல. 12 வருஷமா அந்த தாள குப்பையில போட்டுட்டு இருந்திருக்கோம்.

புண்ணுல சின்ன துண்டு எடுத்து சோதிக்கிற பயாப்ஸிக்கு மொதல் தடவ போனது வீண். அறைக்கு வெளிய இருந்தவங்க "ஆஸ்பிரின் நிறுத்தலையா? நிறுத்திட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நல்லவேளை நிறுத்துறதுக்கு முன்னாடி ரத்த டாக்டருக்கு போன் போட்டேன். அவரு பதறிட்டாரு, இந்த வியாதியில ரத்தம் உறையுறதுதான் பெரிய ஆபத்து, சின்ன தோல் பயாப்ஸிக்கெல்லாம் நிறுத்த வேண்டாம், நான் எழுதி தரேன்னாரு. அந்த கடுதாசியோடயும் ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்களோட புது ரிப்போர்ட்டோடயும் மறுபடி போனோம், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது, அழுத்தி பிடிச்சதும் ரத்தமும் நின்னுடுச்சு. யாராவது வாய் வார்த்தையா ஆஸ்பிரின நிறுத்துன்னு சொன்னா தயவு செஞ்சு நிறுத்தாதீங்க, மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட கேட்டு எழுத்துல வாங்கிட்டு போங்க.

ரிப்போர்ட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு வந்துச்சு, ஒரு வகை தோல் புற்றுநோய். அந்த வார்த்தைய படிச்சப்ப கை நடுங்குச்சு. காதும் உதடும் மத்த இடத்த விட பரவுற வாய்ப்பு கூட இருக்குற இடமாம், அதனால உடனே தேதி குடுத்தாங்க. மரத்துப் போற ஊசி போட்டு சுத்தி கொஞ்சம் நல்ல தோலையும் சேத்து எடுத்தாங்க, எடுத்த துண்டோட ஓரமெல்லாம் க்ளியர், அங்க புற்று செல் இல்ல, கழுத்துலயும் ஒண்ணுமில்ல. அந்த ஒரு வரிய அப்பாவுக்கு மூணு தடவ படிச்சு காமிச்சேன். நெத்தியில சொரசொரன்னு ரெண்டு திட்டு இருந்துச்சு, பாக்குறத விட தொட்டாதான் தெரியும், அது புற்றா மாறக்கூடியதாம், திரவ நைட்ரஜன் வெச்சு உறைய வெச்சு எடுத்துட்டாங்க.

இதோட முடியல. தோல் பிரிவு "மாத்திரைய மாத்த முடியுமான்னு ரத்த டாக்டர கேளுங்க"ன்னாங்க, ரத்த பிரிவுல "தோல் பிரிவு லெட்டர் எங்க"ன்னாங்க. ஒரே கட்டடம், நடுவுல மூணு நாள் அலைஞ்சது நான். கடைசியில பயாப்ஸி ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் எடுத்து நேரா ரத்த டாக்டர் மேஜையில வெச்சேன். அப்பா பயத்துல மாத்திரைய தானா நிறுத்திடலாமான்னு கேட்டாரு, கூடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அணுக்கள் ஏறி பக்கவாதம் வரைக்கும் போகலாமாம். இதே வியாதிக்கு ருக்ஸோலிட்டினிப்னு இன்னொரு மாத்திரை இருக்கே, அதுக்கு மாத்தலாமான்னு நான் கேட்டேன், அதுலயும் தோல் புற்றுநோய் எச்சரிக்கை இருக்காம். இப்ப இன்டர்ஃபெரான் ஊசி குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சிருக்காங்க, அது வேலை செய்ய மாசக்கணக்காகும்ங்கறதால பழைய மாத்திரைய கொஞ்சம் கொஞ்சமா குறைக்குறாங்க. எல்லாருக்கும் இந்த ஊசி ஒத்துக்காது, உங்க டாக்டர் சொல்றபடி பண்ணுங்க.

வெயில்ல போறப்ப சுத்தி விளிம்பு வெச்ச தொப்பி, ஏன்னா முன்பக்கம் மட்டும் மறைக்கிற தொப்பி காத காப்பாத்தாது. எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்கு எடுக்கணும், வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப பூசணும், காது மடலையும் பின்பக்கத்தையும் விட்றாதீங்க. மாநிறம், கருப்பு தோல்னா வராதுன்னு நம்பாதீங்க, கருத்த தோல்ல வெயில் படாத எடத்துலயும், ஆறாத புண்ணு, பழைய தழும்புலயும் கூட வருது. இந்த மாத்திரையால கணுக்கால் பக்கம் வலியோட ஆறாத புண்ணு வர்றது தனியா உண்டு, அதையும் உடனே சொல்லணும்.

போன வாரம் ரத்த பிரிவுக்கு போனப்ப ஃபைல் அட்டையில செவப்பு மையில 'ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோல் பரிசோதனை'ன்னு டாக்டர் எழுதினாரு. வெளிய வந்ததும் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட அப்பா தானா பேச்சு குடுத்தாரு. "நீங்க என்ன மாத்திரை? காத ஒரு தடவ காட்டுங்க பாப்போம்."