தலைக்குக் கூரை போட்ட நாற்காலி

ஜனவரி மாதம் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் பிடரியில் காற்று அடிக்கும். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பழைய கருங்கல் கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடி எங்களுக்கு. சுவர் என்னவோ கோட்டைச் சுவர்தான். ஜன்னல்தான் மேலும் கீழும் இழுக்கிற பழைய மரச் சட்டம். எதை வைத்து அடைத்தாலும் காற்று எப்படியோ சந்து கண்டுபிடித்துவிடும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஓடும்போது முழங்கால் சுடும், கழுத்து விறைக்கும். சால்வை, மப்ளர், குரங்குக் குல்லா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் வைக்கோல் முதுகும் தலைக்கூரையும் உள்ள ஆர்க்னி நாற்காலி ஒன்று வாங்கினேன்.

முதலில் ஆசைப்பட்டது வேறொன்று. ஊரில் நடந்த ஏலம் ஒன்றில் வாசல் காவலாள் நாற்காலியைப் பார்த்தேன். அந்தக் காலத்து மாளிகைகளில் தெருக்கதவுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க ஒருவன் விழித்திருக்க வேண்டும். அவனைக் குளிர் தாக்காமல் இருக்க, முதுகு, பக்கவாட்டு, தலைக்கு மேல் என்று முழுக்கத் தோலால் மூடிய நாற்காலி. கறுப்புத் தோல், பித்தளை ஆணி வரிசை, நிமிர்த்தி வைத்த பல்லக்கு மாதிரி கம்பீரம். விலையைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன். இன்றைக்கு அதே வடிவத்தில் புதிதாகச் செய்து வெல்வெட் ஒட்டி, கல் பதித்து விற்கிறார்கள். கல்யாண ரிசப்ஷனில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்கலாம். வீட்டுக்கு ஆகாது என்பது என் கட்சி. காவலாளுக்காகச் செய்ததை ராஜாவுக்கான சிம்மாசனமாக்கிவிட்டால் உள்ளே சாய்ந்து தூங்க மனம் வருமா?

அந்தக் கோடையில் ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் இருக்கிற ஆர்க்னி தீவுகளுக்குப் போனோம். அபர்தீனிலிருந்து அங்குள்ள கிர்க்வால் ஊருக்குக் கப்பலில் ஆறு மணி நேரம். அங்கே பர்சே பகுதியில் கிர்பஸ்டர் என்ற பழைய பண்ணை வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அடுப்பு சுவரோரம் இல்லை, தரையின் நடுவில். புகை போகக் கூரையில் திறப்பு. நெருப்பு முன்னால் இருக்கும், குளிர் முதுகுப் பக்கமாக வரும். அப்படிப்பட்ட வீட்டில் நாற்காலிக்கு ஏன் உயரமான முதுகும் தலைக்கூரையும் வேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நிமிஷம் நின்றாலே முதுகு சொல்லிவிடும்.

ஆர்க்னியில் மரம் அபூர்வம், கடல்காற்று வளரவிடாது. அதனால் கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளில் கால்களையும் சட்டத்தையும் செய்துகொண்டு, முதுகுக்கு ஓட்ஸ் வைக்கோலை எடுத்துக்கொண்டார்கள். வைக்கோலை விரல் பருமனுக்குக் கற்றையாகச் சேர்த்து, ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசையாகக் கயிற்றால் தைத்துக்கொண்டே மேலே போவார்கள். கடற்கரைப் புல்லைத் திரித்த கயிறுதான் முன்பு. வைக்கோல் முழுசாக இருக்க வேண்டும். அறுவடை மெஷினில் போனால் நொறுங்கிப் பயனில்லாமல் போய்விடும்.

ஏழை வீட்டுச் சாமானாக இருந்த இதை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர் கிர்க்வால் தச்சர் டேவிட் கிர்க்னெஸ். ஆண், பெண், குழந்தை, தலைக்கூரை வைத்தது என்று நாலு வகையாக அளவைத் தீர்மானித்துவிட்டார். 1890இல் எடின்பரோ கண்காட்சியில் இவருடைய நாற்காலிகள் இடம்பெற்றன. பிறகு லண்டனின் லிபர்ட்டி கடைவரைக்கும் போயிற்று.

புதிதாகச் செய்யச் சொன்னால் ஆயிரக்கணக்கான பவுண்டு. வீடு காலி செய்கிற ஒரு பாட்டியிடமிருந்து என்னுடையதைப் பழசாக வாங்கினேன். உயரம் நாலே முக்கால் அடி. வீட்டுக் கதவின் அகலத்தை அளந்தேன், ஹாலை அளந்தேன். மாடிப்படி திரும்புகிற இடத்தை அளக்கவில்லை. நாற்காலியோ மடக்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. முதல் மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றது. கீழ் வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாமல் அதிலேயே உட்கார்ந்து காபி குடித்தார். கடைசியில் கைப்பிடிக் கம்பிக்கு மேலே தலைகீழாகத் தூக்கித்தான் ஏற்றினோம்.

வந்த புதிதில் ஹாலின் நடுவில் சோபாவுக்கு இணையாகப் போட்டேன். முழுத் தப்பு. இதற்கு முதுகு என்பது ஒரு சுவர். நடுவில் வைத்தால் அறை இரண்டாகிவிடும். உள்ளே உட்கார்ந்தவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. சோபாவில் இருக்கிற என் கணவரோடு பேசக் கோழி மாதிரிக் கழுத்தை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. இப்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி, மூலையில் கோணலாக, சோபாவுக்கு எதிரே. காற்று வைக்கோலில் மோதி நின்றுவிடுகிறது. பக்கத்தில் வேறு பழைய சாமான் எதுவும் வைக்கவில்லை. ஒரு பழைய பெட்டியை வைத்துப் பார்த்தேன், அறைக்கே மியூசியம் களை வந்துவிட்டது. சாம்பல் நிற சோபா, வெள்ளைச் சுவர், அதற்கு நடுவே இந்த வைக்கோல் மஞ்சள் மட்டும் போதும்.

விளக்குதான் நான் யோசிக்காத விஷயம். கூரை விளக்கின் வெளிச்சம் உள்ளே எட்டாது. முன்பக்கமாகத் தலைநீட்டும் நிற்கும் விளக்கு ஒன்று வாங்கினேன், சுடாத எல்.இ.டி. பல்பு. வைக்கோல் ஆயிற்றே, மெழுகுவர்த்தியைக் கிட்டே விடுவதில்லை.

எதிர்பாராத லாபம் சத்தத்தில். உள்ளே சாய்ந்தால் பாத்திரம் கழுவும் மெஷினின் இரைச்சல் பாதியாகிவிடுகிறது. அலுவலக மீட்டிங் எல்லாம் இப்போது அதற்குள்தான். 1958இல் கோபன்ஹேகன் ஹோட்டல் ஒன்றுக்காக டென்மார்க் கட்டடக் கலைஞர் ஆர்னே ஜேக்கப்சன் வடிவமைத்த முட்டை நாற்காலியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாலு பேர் நடக்கிற வரவேற்புக் கூடத்தில் ஒருவருக்கு மட்டும் ஒரு மறைவு. அதை நவீனம் என்கிறார்கள், என்னுடையதைப் பழசு என்கிறார்கள்.

போன மே மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா வந்தாள். நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்து, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நம்ம விதைக்கோட்டை மாதிரில்லா இருக்கு! பாதியா வெட்டி நிறுத்தி வச்சிருக்கானுவ."

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. தாத்தா வீட்டில் வைக்கோல் பிரி திரித்துச் சுற்றி, உள்ளே விதைநெல் வைத்து, மேலே சாணி மெழுகி வைத்திருந்த உருண்டைக் கோட்டைகள். வைக்கோல் முறிந்துபோகிற மெஷின் கதையைச் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே குஷி. "அங்கயும் அந்தக் கததானா? நம்ம ஊர்லயும் மெஷின்ல அறுத்த வைக்கோல்ல பிரி திரிக்க முடியாதுட்டி."

மூன்று மாதமும் அந்த நாற்காலி அவளுக்குத்தான். கீழே ஒரு சின்ன இழுப்பறை உண்டு. பைபிளும் விஸ்கி பாட்டிலும் வைக்க என்று ஆர்க்னிக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அம்மா அதில் திருநீற்று டப்பாவும் மூக்குக்கண்ணாடியும் ஒரு பொட்டலம் காராச்சேவும் வைத்திருந்தாள். ரேடியேட்டர் சூட்டில் வைக்கோல் காய்ந்து ஓரத்தில் இரண்டு இழை முறிந்ததைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ரேடியேட்டரிலிருந்து தள்ளிப் போடவைத்தாள். வாரம் ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுகிறாள்: "நாற்காலிக்குத் தண்ணி தெளிச்சியாட்டி?"