வார்டு தணிக்கை: நான்கு நாள் குறிப்புகள்

3.3.2025, திங்கள்

பொது மருத்துவ வார்டு, 30 கட்டில். கையில் என்.க்யூ.ஏ.எஸ். (அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர நிர்ணயம்) பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் முழுசாக இருந்தால் 2, அரைகுறை என்றால் 1, இல்லையென்றால் 0. நேரில் பார்க்கலாம், ஊழியரைக் கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், நோயாளியிடம் பேசலாம். பலரும் பதிவேட்டில்தான் ஆரம்பிப்பார்கள். கட்டிலைப் பார்த்துவிட்டு அப்புறம் ஃபைலைத் திறப்பது மேல்.

காலை 6 மணிக் குறிப்பு: புரட்டிய கேஸ் ஷீட் அத்தனையிலும் மூச்சு எண்ணிக்கை 20. காய்ச்சல்காரருக்கும் 20, வீசிங்காரருக்கும் 20. நாடியையும் பி.பி.யையும் மானிட்டர் காட்டிவிடும். மூச்சை மட்டும் யாராவது பக்கத்தில் நின்று ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நைட் டியூட்டியில் இரண்டே சிஸ்டர் என்றால் அந்த 30 நிமிடம் எங்கிருந்து வரும்? உடம்பு மோசமாவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மூச்சுதான். ஆள் பற்றாக்குறையையும் சேர்த்து எழுதாமல் வெறும் 0 போடுவது நியாயமில்லை.

4.3.2025, செவ்வாய்

வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் போட்டுவைக்கும் சிறு குழாய். போட்ட தேதி பிளாஸ்டரின் மேல் இருக்கிறதா? ஊசி நுழைந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறதா? வெள்ளை பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றி ஒட்டிவிட்டால் உள்ளே சிவந்தாலும் தெரியாது. வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தால் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும்.

யூரின் பேக் மூத்திரப்பையை விடத் தாழ்வாக இருக்கணும், தரையிலும் படக்கூடாது. வார்டில் சரியாகத்தான் தொங்கும். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது பாருங்கள்: பேக் நோயாளியின் வயிற்றின் மேல். மூத்திரம் திரும்ப உள்ளே போகும், கிருமியும் கூடவே.

6.3.2025, வியாழன்

படுக்கைப் புண். புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோல் 6 முதல் 23 வரை. 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. மதிப்பெண் போட்டிருந்தார்கள். திருப்பிப் படுக்கவைக்கும் சார்ட்டில் 8, 10, 12, 2 என்று ஒரே பேனா, ஒரே சாய்வு. மொத்தமாக உட்கார்ந்து எழுதியது. 10 மணிக்கு 'இடப்பக்கம்' என்றிருந்தவர் 10.20-க்கு மல்லாந்து கிடந்தார், முதுகில் போர்வை மடிப்பின் தடம் அப்படியே பதிந்து.

இடுப்பின் பின்பக்கமும் குதிகாலும் கட்டாயம் பார்க்கணும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் முதல் நிலைப் புண். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. புறங்கையால் சூட்டைப் பார்த்து, விரலால் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தடவ வேண்டும். நிஜத்தில் திருப்பிப் படுக்கவைப்பது கூட இருக்கும் சொந்தக்காரர்தான். "எத்தனை மணிக்கொரு தரம் திருப்பணும்னு சொன்னாங்கம்மா?" என்று அவரிடம் கேட்டால், சார்ட்டில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

7.3.2025, வெள்ளி

நோயாளிகள் கீழே விழுந்த கணக்கு. அட்மிஷன் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள், தப்பு. தினமும் நள்ளிரவில் கட்டிலில் இருந்தவர்களைக் கூட்டி மாதத்துக்கு 840 வந்து, இரண்டு பேர் விழுந்திருந்தால், 2 ÷ 840 × 1000 = 2.4, அதாவது ஆயிரம் நோயாளி-நாளுக்கு 2.4 பேர். மாதாமாதம் பூஜ்யம் காட்டும் வார்டைத்தான் சந்தேகப்படணும். விழுந்ததைச் சொன்னால் மெமோ வரும் என்ற பயம் இருக்கும்.

ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பாட்டில் கட்டிலுக்குக் கட்டில் தொங்குகிறது. அழுத்தினால் பாதியில் காற்று. ஸ்டோரில் மாதம் எத்தனை லிட்டர் வாங்கினார்கள் என்று திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.